வயிற்றுக்குத் தெரிந்த கோபம்

பொறாமையை 'வயிற்றெரிச்சல்' என்கிறோம். கெட்ட செய்தி வந்தால் 'வயிறு கலங்கிவிட்டது' என்கிறோம். மனத்தில் நடப்பதற்கு நாம் ஏன் வயிற்றைச் சொல்கிறோம்? இதைக் கண்ணால் பார்த்து எழுதிவைத்த மருத்துவர் ஒருவர் உண்டு.

1822ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள், அமெரிக்காவின் மாக்கினா தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கனடா நாட்டுத் தொழிலாளியின் வயிற்றில் தவறுதலாகக் குண்டு பாய்ந்தது. இராணுவ மருத்துவர் வில்லியம் போமன்ட் அவரைக் காப்பாற்றினார். காயம் ஆறியது, இரைப்பைக்குள் திறந்த துளை மட்டும் மூடவில்லை. அதன் வழியே பட்டுநூலில் கட்டிய உணவை உள்ளே விட்டு, செரிமானத்தைப் பல ஆண்டுகள் கவனித்தார் போமன்ட். 1833இல் அவர் வெளியிட்ட நூலின்படி, அச்சமோ கோபமோ எழும்போது இரைப்பையின் உட்படலம் சில வேளை சிவந்து வறண்டது, சில வேளை வெளிறியது. செரிமான நீர் குறைந்தது, அல்லது நின்றேபோனது. (அந்தக் கோபத்தில் ஒரு பங்கு இந்தச் சோதனைகள் மீதே இருந்திருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது.)

ஆபத்து என்று மூளை கருதியதும், சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்கு ஆணை போகிறது. இதயம் விரைகிறது, இரத்தம் தசைகளுக்குத் திரும்புகிறது, செரிமானம் காத்திருக்கிறது. பாம்பைக் கண்டு ஓட இது உதவும். உடன்பிறந்தவரோடு ஆண்டுக்கணக்கில் பேசாதிருப்பவருக்கோ அந்த ஆணை ஓயாமல் போய்க்கொண்டே இருக்கிறது.

பதில் செய்தியும் உண்டு. மூளையின் அடியிலிருந்து இதயம், நுரையீரல், குடல் வரை இறங்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை உறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகின்றன. பசித்தவர் சிடுசிடுப்பதும், மூச்சை மெதுவாக விடும்போது படபடப்பு தணிவதும் இந்த உரையாடலால்தான்.

ஆனால் ஒன்று: எல்லா வயிற்றுவலிக்கும் கவலையைக் குற்றம் சொல்லாதீர்கள். குடற்புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு பாக்டீரியாவே காரணம் என்று காட்டிய பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். மருந்தால் தீர்வதை மனக்கட்டுப்பாட்டால் தீர்க்கப் பார்த்து நாளைக் கடத்த வேண்டாம்.

செயின்ட் மார்ட்டின் மருத்துவரைவிடப் பல ஆண்டுகள் அதிகமாக வாழ்ந்து 1880இல் இறந்தார். மருத்துவர்கள் உடலை எடுத்துப் போய்விடுவார்களோ என்று அஞ்சிய குடும்பத்தார், அது அழுகும்வரை வீட்டிலேயே வைத்திருந்து, பிறகு எட்டு அடி ஆழத்தில் அடக்கம் செய்தார்கள்.