ஐந்து மில்லிமீட்டரில் இருபது மீட்டர்

பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதற்கு முன்பும் பின்பும் தேனி மாவட்டத்தில் அதிகம் புழங்கிய பேச்சு 'மலையைக் குடையப் போகிறார்கள்' என்பதுதான். எந்த மலையில், எவ்வளவு ஆழத்தில், எத்தனை பெரிய குடைவு? ஆதரித்தவர்களிலும் எதிர்த்தவர்களிலும் இதைக் கண்ணால் கண்டு பேசியவர்கள் மிகக் குறைவு. கட்டடக்கலை மாணவர்கள் கல்லூரியில் பழகும் ஒரு கைவேலை இந்தக் குறையைத் தீர்க்கும். கட்டடம் எழும் இடத்தைச் சிறிதாக்கிக் காட்டும் அந்த மாதிரியை அவர்கள் 'சைட் மாடல்' என்பார்கள்.

பொட்டிபுரத்தில் குடையத் திட்டமிட்ட அம்பரப்பர் மலையை ஒரு மாணவிக்குத் தளமாகக் கொடுப்போம். அவர் முதலில் தேடுவது இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தை. 1:50,000 அளவிலான அந்தத் தாளில், மலைப் பகுதிகளில் 20 மீட்டர் உயரத்துக்கு ஒரு சமஉயரக் கோடு ஓடும். அடுத்து அளவுவிகிதத்தை முடிவு செய்ய வேண்டும். கடையில் கிடைக்கும் சன் போர்டு அட்டையின் கனம் 5 மி.மீ. ஓர் அட்டை 20 மீட்டருக்குச் சமம் என்று வைத்தால் விகிதம் 1:4000. கிடைமட்டத்துக்கும் இதே விகிதம்தான். உயரத்தை மட்டும் கூட்டி மலையை மிடுக்காகக் காட்டும் ஆசை பலருக்கு வரும். அதற்கு இடம் கொடுத்தால் சரிவு பொய்யாகிவிடும்.

ஒரு கிலோமீட்டர் ஏற்றம் 25 செ.மீ. ஆகிறது, 50 அட்டைகள். ஐம்பதையும் முழுசாக வெட்டினால் காசும் வீண், மாதிரியைத் தூக்கவும் முடியாது. அதனால் மாணவர்கள் இரண்டு அட்டைகளில் ஒரே வரைபடத்தை ஒட்டி, ஒன்றில் ஒற்றைப்படைக் கோடுகளையும் மற்றதில் இரட்டைப்படைக் கோடுகளையும் கட்டரால் வெட்டுகிறார்கள். வளையம் வளையமாக வரும் துண்டுகளை மாற்றி மாற்றி அடுக்கினால், ஒன்றின் விளிம்பு மற்றதன் மேல் படிந்து ஃபெவிகாலில் பிடித்துக்கொள்ளும். மலை எழும்பும், உள்ளே வெற்றிடம் இருக்கும்.

நமக்கு வேண்டியதும் உள்பக்கம்தான். மலையை நடுவே அறுத்து இரு பாதியாகச் செய்தால் ஆய்வகத் திட்டம் முழுவதையும் காட்டிவிடலாம். ஏறக்குறைய 2 கி.மீ. சுரங்கப்பாதை இந்த மாதிரியில் அரை மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பி. 132 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் கொண்ட முதன்மைக் குகை 33 மி.மீ. நீளம், 6.5 மி.மீ. அகலம்: ஒரு பேரீச்சங்கொட்டையைவிடச் சற்று நீளம், அவ்வளவுதான். திட்டம் சரியா தவறா என்பதை இது சொல்லிவிடாது. வெடிவைப்பு, நிலத்தடி நீர், தோண்டியெடுக்கும் பாறையைக் கொட்டும் இடம், காட்டு விலங்குகளின் வழித்தடம் என்று எதைப் பற்றிப் பேசினாலும், இனி விரலை வைத்து, 'இந்த இடத்தில் என்ன ஆகும்?' என்று கேட்கலாம். அந்தக் கேள்வியை எவரும் தட்டிக்கழிக்க முடியாது.

அட்டைக்கு எட்டாத ஒரு வேலையும் இங்கே உண்டு. நியூட்ரினோவைப் பிடிக்க மலைக்குள் போவதற்குக் காரணம், வானிலிருந்து ஓயாமல் பொழியும் மியூவான் துகள்களைப் பாறையால் தடுப்பது. தலைக்கு மேல் மட்டும் பாறை இருந்தால் போதாது. மியூவான்கள் சாய்வாகவும் வரும். குகையைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் பாறை வேண்டும். பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கு இருந்தால் அந்தத் திசையில் கவசம் மெலிந்துவிடும். குகையிலிருந்து ஆயிரக்கணக்கான திசைகளில் கோடு இழுத்து, ஒவ்வொன்றும் எத்தனை மீட்டர் பாறையைக் கடக்கிறது என்று அளப்பது கணினிக்கு நொடி வேலை. டிஜிட்டல் மாதிரியின் உண்மையான வலிமை இத்தகைய கணக்குகளில்தான் இருக்கிறது. வெயில் விழும் கோணம், மழைநீர் ஓடும் தடம் ஆகியவற்றுக்கும் அதை நம்பலாம்.

டிஜிட்டல் மாதிரியின் மூலத் தரவை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. மாணவர்கள் இலவசமாகத் தரவிறக்கும் உயரத் தரவுகளில் பல, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் ரேடாரால் அளந்தவை. அவற்றில் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. நம் மாதிரியில் அது 7.5 மி.மீ. புள்ளிகளுக்கு நடுவே திரையில் தெரியும் வழவழப்பான வளைவுகள் மென்பொருள் இட்டு நிரப்பியவை. அந்த ரேடாரின் அலைநீளம் 6 செ.மீ.க்கும் குறைவு என்பதால், அடர்ந்த மரங்களை ஊடுருவி அது தரையை எட்டுவது கடினம். அதே மேற்குத் தொடர்ச்சி மலையில், போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டங்கள் நிழல் மரங்களுக்கு அடியில்தான் இருக்கின்றன. அங்கே கணினி 'தரை' என்று காட்டுவதில் மரத்தின் உயரமும் கலந்திருக்கும். அடிவாரத்துப் பொட்டிபுரம் மழை மறைவுப் பகுதி. முள்ளும் புதருமான நிலம். பிழை அங்கே குறைவு. ஒரே மலைத்தொடரின் இரு பகுதிகளுக்கு இரு வேறு பிழைகள் என்பதை நேரில் ஏறிப் பார்த்தவர்தான் உணர்வார். ஏலத்தோட்டத்தில் வேலை செய்பவரிடம் கேட்டாலும் தெரிந்துவிடும்.

இயற்பியலாளர்களும் மாதிரி செய்தார்கள். அது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பொட்டிபுரத்துக்காகத் திட்டமிட்ட உணர்கருவியின் எடை 50,000 டன். 56 மி.மீ. கனமுள்ள இரும்புத் தகடுகள் 151 அடுக்குகள். இடையிடையே வாயு நிரப்பிய கண்ணாடி உணரிகள் ஏறக்குறைய 29,000. இரும்பு முழுவதையும் மின்சுருள்களால் காந்தமாக்க வேண்டும். இதன் சிறு வடிவம் மதுரையில் உள்ள உயர் ஆற்றல் இயற்பியல் மையத்தில் 2018 முதல் இயங்கியது. எடை 85 டன். ஏறக்குறைய அறுநூறில் ஒரு பங்கு. ஆனாலும் தகட்டின் கனம் அதே 56 மி.மீ.தான். கட்டடக்கலை மாதிரியைப் போல எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சுருக்கினால் பயனில்லை. ஒரு மியூவான் இத்தனை சென்டிமீட்டர் இரும்பில் இவ்வளவு ஆற்றலை இழக்கும் என்பது இயற்கையின் கணக்கு. நாம் சுருக்கினோம் என்பதற்காகத் துகள் சுருங்காது. எனவே, முழு அளவில் ஒரு துண்டை மட்டும் கட்டிப் பார்த்தார்கள். சுவரில் ஒரு பகுதியை நிஜச் செங்கல்லில் எழுப்பிச் சோதிக்கும் கட்டடக் கலைஞரும் அதைத்தான் செய்கிறார். 50,000 டன் கருவியின் முழு நடத்தையை 'ஜியன்ட்4' என்ற மென்பொருளில் கணித்தார்கள். மதுரைத் துண்டில் கிடைத்த அளவுகளைக் கொண்டு அந்தக் கணிப்பைச் சரிபார்க்க முடியும்.

2022 பிப்ரவரியில், மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்தத் திட்டத்துக்கு இடமில்லை என்று தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. சுரங்கம் தோண்டப்படவில்லை. ஆனால் அணை, சாலை, சுரங்கம், காற்றாலை என்று மலைகளைத் தேடித் திட்டங்கள் வந்துகொண்டேதான் இருக்கும். கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும் ஒவ்வொரு ஊரிலும், கூட்டத்துக்கு முன்பே, அறுத்துத் திறந்து காட்டும் ஒரு மலை மாதிரி ஊராட்சி அலுவலகத்தில் வைக்கப்பட வேண்டும் என்பதைச் சட்டமாகவே ஆக்கலாம். அதுவரை கட்டடக்கலை மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மதிப்பெண்ணுக்காகச் செய்த சைட் மாடலை ஜூரி மதிப்பீடு முடிந்ததும் குப்பையில் போடாதீர்கள். அந்த மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வையுங்கள்.