ஆயிரம் டாலருக்கு மசியாத குரல்

ஒரு ராத்திரி பாடினால் ஆயிரம் டாலர்! வருஷம் 1918. அமெரிக்காவில் ஒரு குமாஸ்தா வருஷம் முழுக்கப் பேனா தேய்த்தாலும் கையில் வாங்குவது அதைவிட ரொம்ப அதிகமில்லாத காலம். சிகாகோ ஆபரா கம்பெனியை நடத்திய காம்பானினி இந்த ஆஃபரை நீட்டியது தாடி வைத்த ஒரு குள்ள மனிதரிடம். வெள்ளி ராத்திரியும் சனிக்கிழமையும் பாட வேண்டாம், தாடியை எடுக்க வேண்டாம் என்று ஏகப்பட்ட சலுகை வேறு. வேஷம்கூட யூத வேஷம்தான். 'லா ஜூவ்' என்ற ஆபராவில் நகை செய்யும் எலியாசர். இதுக்கு மேல ஒரு முதலாளி எப்படி சார் இறங்கி வர முடியும்?

முடியாது என்று சொல்லிவிட்டார் யோஸெலே ரோஸன்பிளாட்.

காரணம் அவருடைய உத்தியோகம். உக்ரைனில் 1882-ல் பிறந்து, 1912-ல் நியூயார்க் வந்து, அங்கே ஒரு ஜெப ஆலயத்தில் ஹஸானாக இருந்தார். ஹஸான் என்றால் சபை முழுவதற்கும் சேர்த்து ஆண்டவனிடம் பாடி முறையிடுகிறவர். ஆபீஸ் பாஷையில் சொன்னால், எல்லோருடைய மனுவையும் வாங்கி மேலே சேர்க்கும் ஆள். அந்த ஆள் ராத்திரியில் மேக்கப் போட்டுக்கொண்டு மேடையில் காதல், கொலை என்று பாடினால் சரியா வருமா?

அவருக்கு உதவ ஒரு வாத்தியமும் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எருசலேமின் பழைய ஆலயத்தில் யாழ், தாளம், எக்காளம் எல்லாம் முழங்கின. கி.பி. 70-ல் ரோமானியர்கள் அதை இடித்துத் தள்ளினார்கள். அந்தத் துக்கத்தில் வழிபாட்டில் வாத்தியம் ஓய்ந்தது. இன்னொரு காரணமும் உண்டு. ஓய்வுநாளில் தந்தி அறுந்தால் என்ன செய்வோம்? உடனே முடிச்சுப் போடுவோம். அது வேலை! சனிக்கிழமை வேலை செய்யக்கூடாது. ஆகவே வாத்தியமே வேண்டாம். (லீவை இவ்வளவு கண்டிப்பாகக் காப்பாற்றுபவர்களை நான் பார்த்ததில்லை.) மிஞ்சியது ஆட்டுக்கடாக் கொம்பில் செய்த ஷோஃபார். அதுவும் புத்தாண்டு மாதிரி சில நாட்களுக்கு மட்டும்.

ஆக, தொண்டைதான் எல்லாம். வேதச் சுருளை வாசிப்பதே ராகம் போட்டுத்தான். ஆனால் சுருளில் மெய்யெழுத்து மட்டும்தான் இருக்கும். உயிர்க்குறி கிடையாது, ராகக்குறி கிடையாது. திபேரியாவில் இருந்த பண்டிதர்கள் சுமார் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன் அந்தக் குறிகளை ஒழுங்கு செய்து புத்தகப் பிரதிகளில் எழுதி வைத்தார்கள். சுருளில் மட்டும் இன்றைக்கும் போடுவதில்லை. வாசிப்பவர் வீட்டிலேயே நெட்டுருப் போட்டுக்கொண்டு வரவேண்டும். வேடிக்கை என்னவென்றால், அதே குறியை ஏமன் யூதர் ஒரு மெட்டில் பாடுவார், மொராக்கோ யூதர் வேறு மெட்டில், போலந்துக்காரர் மூன்றாவது மெட்டில்.

வெளி உலக சங்கீதம் உள்ளே நுழையாமல் இல்லை. இத்தாலியில் சாலமோனே ரோஸி 1623 வாக்கில் ஜெப ஆலயத்துக்காகப் பல குரல் பாட்டுகளை அச்சிட்டார். ஸ்வரம் இடமிருந்து வலம், ஹீப்ரு எழுத்து வலமிருந்து இடம். அச்சுக்கோத்தவர் பாவம்! 1810-ல் ஜெர்மனியில் ஸீஸன் என்ற ஊரில் ஆர்கனே வந்துவிட்டது. அதிலிருந்து ஆரம்பித்த சண்டை சபைகளையே பிரித்தது. சீர்திருத்த சபைகளில் இன்று கிடார்கூட உண்டு. பழமைவாத சபைகளில் சனிக்கிழமை இன்றும் வெறும் குரல்தான்.

ரோஸன்பிளாட் இந்த இரண்டாவது கட்சி. அவர் பாட்டுக்குக் கட்டுத் தாளம் கிடையாது. வார்த்தைக்கு வார்த்தை நின்று, ஏறி, விம்முவார். உச்சியில் சட்டென்று பெண் குரல் மாதிரி மெல்லியதாகப் போய்த் திரும்பும். ஹஸான்களுக்குப் பிடித்த 'அஹவா ரபா' என்ற ராகத்தின் ஸ்வரங்கள் நம் வகுளாபரணத்தின் ஸ்வரங்களேதான். காதுக்கு ரொம்ப அந்நியமாக இருக்காது, கேட்டுப் பாருங்கள்.

சரி, கொள்கைக்குப் பரிசு கிடைத்ததா? கிடைத்தது திவால்! ஒரு யூதப் பத்திரிகையில் பணத்தைப் போட்டுக் கடனில் மூழ்கி, 1925-ல் திவால் மனு கொடுத்தார். பி.காம். படித்தவன் சொல்கிறேன்: சட்டப்படி அத்துடன் கை கழுவி விடலாம். மனுஷன் கழுவவில்லை. கடனை அடைத்தே தீருவேன் என்று கிளம்பினார். மாஜிக், கோமாளி, குட்டிக்கரணம் எல்லாம் வரும் கதம்ப நிகழ்ச்சிகளில், தாடியும் தொப்பியுமாக நின்று பாடினார். ஆபராவுக்குப் போகாதவர் இதற்குப் போகலாமா என்று கேட்பீர்கள். ஆபராவுக்குக் கூப்பிட்டது ஆசை, இங்கே துரத்தியது கடன். எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது இந்த இடத்தில்தான். அப்போதும் வெள்ளி ராத்திரி மேடை ஏறவில்லை.

1927-ல் 'தி ஜாஸ் சிங்கர்' படம். அதில் பிராயச்சித்த நாளின் 'கோல் நித்ரே'யைப் பாட மறுத்துவிட்டார். அது விற்பனைக்கு இல்லை! கச்சேரி மேடையில் ஒரு சாதாரணப் பாட்டை மட்டும் பாடித் தலைகாட்டினார்.

1933-ல் பாலஸ்தீனத்துக்கு ஒரு படப்பிடிப்புக்காகப் போனவர், எருசலேமில் மாரடைப்பால் காலமானார். வயது 51. அடக்கம் ஒலிவ மலையில்.

அவர் இசைத்தட்டுகள் இன்னும் சுழல்கின்றன. ஆனால் ஆசாரமான யூத வீட்டில் வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் அதுவும் நின்றுவிடும். ஓய்வுநாளில் சுவிட்சைத் தொடக்கூடாதே!