கணினி வந்தது, மானியம் வரவில்லை

இங்கிலாந்தில் 2005-ல் விவசாய மானிய முறை மாறியது. பயிருக்கும் கால்நடைக்கும் தனித்தனியாகக் கொடுத்த மானியங்களை ஒன்றாக்கி, பழைய வரவையும் நிலப்பரப்பையும் சேர்த்துக் கணக்கிட்டு ஒரே தொகையாகக் கொடுக்க அரசு முடிவு செய்தது.

கணினி அமைப்பை உருவாக்கும் பொறுப்பு வெளி ஆலோசனை நிறுவனம் ஒன்றுக்குப் போனது. அதே சமயம் வட்டார அலுவலகங்கள் சில மூடப்பட்டன. மானிய வேலை தெரிந்த ஊழியர்கள் பலர் வெளியேற, தற்காலிக ஆட்கள் வந்தார்கள்.

ஒரு விவசாயியின் மனுவைப் புதிய அமைப்பு சிறு சிறு வேலைகளாகப் பிரித்து, பலரிடம் அனுப்பியது. விவசாயி தொலைபேசியில் கேட்டால், மனுவை முழுமையாக அறிந்த ஆள் கிடைக்கவில்லை. நில வரைபடங்களிலும் பிழைகள் இருந்தன.

மொத்தம் சுமார் 150 கோடி பவுண்டு. 2006 மார்ச் இறுதிக்குள் 96 சதவீதம் கொடுப்பதாக இலக்கு. கொடுத்தது 15 சதவீதம்தான். பலர் வங்கியில் கடன் வாங்கி வட்டி கட்டினார்கள்.

பழி நிறுவனத்துக்கு மட்டும் உரியதல்ல. சிக்கலான கணக்கு முறையைக் குறுகிய காலத்தில் கேட்டது அரசுதான். பழைய வரவை மட்டும் கணக்கில் எடுத்த ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் பணம் முன்னதாகவே சேர்ந்தது.

கணினி அமைப்பை வெளியாரிடம் வாங்கலாம். வேலை தெரிந்த ஊழியரை அலுவலகத்தை விட்டு அனுப்பக் கூடாது. விவசாயிகளும் எந்த மனுவானாலும் நகலையும் ஒப்புகைச் சீட்டையும் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.