கரிக்கோடு சொன்ன சேதி

குழந்தை சுவரில் கிறுக்கினால் நாம் என்ன செய்வோம்? அதட்டுவோம், கேட்காவிட்டால் முதுகில் ஒன்று வைப்போம். நானும் அதைத்தான் செய்தேன். செய்துவிட்டு இரவு முழுக்கத் தூக்கம் வராமல் புரண்டேன். என்னைப் போல் இன்னொரு சகோதரி தவறக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையில் கொட்டிய மழையை மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர்! தாமிரபரணியில் வெள்ளம் வந்தால் குறுக்குத்துறை முருகன் கோவில் முங்குவது எங்களுக்குப் பழகிய காட்சிதான். அந்தத் தடவையோ ஆறு தெருவுக்குள்ளேயே வந்துவிட்டது. ஜங்ஷன் பக்கம் ஆற்றை ஒட்டிக் குடியிருந்த என் தங்கை வீட்டில் நெஞ்சளவு தண்ணீர். கட்டிய துணியோடு, ஆறு வயது மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு, பாளையங்கோட்டையில் மேட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

பையன் அழவில்லை. "பிள்ளை கெட்டிக்காரன், பயப்படவே இல்லை" என்று எல்லோரும் மெச்சினோம். ஆனால் நாலைந்து நாளில் படுக்கை நனைய ஆரம்பித்தது. குழாயைத் திறந்தால் காதைப் பொத்திக்கொண்டான். ஒரு நாள் மதியம் அடுப்புக்கரியை எடுத்து, கூடத்துச் சுவரில் தன் நெஞ்சு உயரத்துக்குச் சுற்றிலும் ஒரு கறுப்புக்கோடு இழுத்துவிட்டான். எனக்கு வந்ததே கோபம்! முதுகில் ஓர் அடி வைத்தேன். அப்போது அவன் சொன்னான்: "பெரியம்மா, தண்ணி இதுவரைக்கும்தான் வரணும். இதுக்கு மேல வரக்கூடாதுல்லா? அதுக்குத்தான் கோடு போட்டேன்."

எனக்குக் கை நடுங்கிவிட்டது. பிள்ளைக்குப் பயம் இல்லாமல் இல்லை. அதைச் சொல்ல வார்த்தைதான் இல்லை.

பெரியவர்களாகிய நாம் மனசு பாரமானால் பக்கத்து வீட்டு அக்காவிடம் புலம்பித் தீர்ப்போம். சின்னஞ்சிறுசுகளுக்கு அது முடிகிறதா? அவர்கள் கையால்தான் பேசுவார்கள். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது நம் கடற்கரை ஊர்களில் பிள்ளைகளிடம் தாளும் கலரும் கொடுத்தார்கள். பல பிள்ளைகள் வரைந்தது அந்த அலையைத்தான். இலங்கையில் சண்டை நடந்த காலத்தில், 1996-ல், மட்டக்களப்பில் 'வண்ணத்துப்பூச்சிப் பூங்கா' என்று ஓர் இடம் தொடங்கினார்கள். கனடா நாட்டு ஓவியர் பால் ஹோகனும், பால் சற்குணநாயகம் அடிகளாரும் அதில் முன்நின்றவர்கள். சண்டையில் அடிபட்ட மனசோடு வந்த தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே ஒன்றாக உட்கார்ந்து படம் வரைந்தார்கள், மண்ணில் பொம்மை செய்தார்கள், கதை கட்டினார்கள்.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் வேண்டாம். எங்கள் வீட்டில் நாங்கள் செய்தவை இவைதான்:

பயத்துக்குப் படம்: பழைய காலண்டர் தாளின் பின்பக்கமும் கலர் சாக்பீஸும் போதும். தங்கை மகன் முதல் பத்து நாள் கறுப்புத் தண்ணீரையே வரைந்தான். பிறகு ஒரு நாள் அதில் ஒரு படகு வந்தது. அடுத்து படகில் ஆட்கள் வந்தார்கள்.

துக்கத்துக்குக் களிமண்: காருகுறிச்சி மாதிரி மண்பாண்டம் செய்யும் ஊர் பக்கத்தில் இருந்தால் ஓர் உருண்டை மண் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கோதுமை மாவில் கொஞ்சம் உப்பு சேர்த்துப் பிசைந்து கொடுங்கள். பிசைவதும் உருட்டுவதும் பிள்ளையின் மனசை இளக்கும். படபடப்பான பிள்ளைக்குப் பின்னல் நல்லது. பத்தமடையில் பாய் முடைகிறவர்களிடம் கழித்துப் போட்ட கோரை கிடைக்கும். பனை ஓலையும் ஆகும்.

கோபத்துக்குக் காகிதம்: பஞ்சாரத்துக் கோழிக்குஞ்சுகளைத் தூக்கி வரவில்லை என்று இவனுக்கு அப்பா மேல் தீராத கோபம். கிட்டவே போகமாட்டான். பழைய பேப்பர் கட்டைக் கொடுத்து, "உன் கோபம் தீரக் கிழிலே" என்றேன். கிழித்தான் பாருங்கள், ஒரு மணி நேரம்! கிழித்து முடித்துத்தான் முதன்முதலாக அழுதான், அப்பா மடியில் விழுந்து. அந்தக் காகிதத்தை மூன்று நாள் ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு அரைத்து, கவிழ்த்த பானையின் மேல் துணி போட்டு அப்பிக் காயவைத்தோம். நம் பாட்டிமார் செய்த அதே காகிதக் கூடைதான்.

சில விஷயங்களில் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். "இது என்ன யானையா, பூனையா?" என்று கேலி செய்யாதீர்கள். "வானம் கறுப்பாவா இருக்கும்?" என்று திருத்தாதீர்கள். "இதைப் பத்திப் பெரியம்மாட்ட சொல்லேன்" என்று மட்டும் கேளுங்கள், சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். வந்தவர் போனவரிடம் காட்டிப் பெருமை பேச வேண்டாம். அது பிள்ளையின் அந்தரங்கம். சுவரில் ஓர் ஓரத்தையும் அவனுக்கென்றே விட்டுவிடுங்கள்; வெள்ளையடித்தால் போய்விடும்!

ஆனால் எல்லாம் இதிலேயே தீர்ந்துவிடும் என்று இருந்துவிடவும் கூடாது. ஒரு மாதத்துக்கு மேலும் சரியான தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பேச்சு குறைந்துவிட்டது, படுக்கை நனைவது நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டத் தயங்காதீர்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் செலவில்லாமல் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஜுரத்துக்கு மருந்து கேட்பது போலத்தான்.

தங்கை குடும்பம் இப்போது வேறு வீட்டில் குடியிருக்கிறது. அந்தக் காகிதக் கூடையில்தான் அவள் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள். எங்கள் கூடத்துக் கரிக்கோட்டை மட்டும் நான் அழிக்கவில்லை. போன பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர் கேட்டார், "இது என்னம்மா கோடு?" என்று. "அது இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன்.