எழுத்துக்கூட்டு நூல்கள்: ஆங்கில வாசிப்பின் முதற்படி

ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் குழந்தை, அதுவரை தான் கற்ற எழுத்துகளையும் அவற்றின் ஒலிகளையும் மட்டும் கொண்டே படித்துவிடக்கூடிய சொற்களால் ஆன சிறுநூலை எழுத்துக்கூட்டு நூல் எனலாம். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை எளியதில் தொடங்கி வரிசைமுறையில் கற்பிக்கும் 'ஃபோனிக்ஸ்' என்னும் ஒலிவழிப் பயிற்சிக்குத் துணையாக அமையும் இந்நூல், பயிற்சியில் தனித்தனியே கற்றவற்றை வாக்கியத்தில் வைத்துப் பழக இடமளிக்கிறது.

தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், 'ப', 'ட', 'ம்' என்று அடுத்தடுத்துச் சொன்னாலே 'படம்' என்ற சொல் கிடைத்துவிடுகிறது. ஆங்கிலத்திலோ 'சி', 'ஏ', 'டி' என்ற எழுத்துப் பெயர்களை எவ்வளவு விரைந்து சொன்னாலும் பூனையைக் குறிக்கும் 'கேட்' பிறப்பதில்லை. மேலும், 26 எழுத்துகளே ஏறத்தாழ 44 ஒலிகளைக் குறிக்க வேண்டியிருப்பதால், 'யு' என்ற ஒரே எழுத்து 'பட்' என்னும் சொல்லில் அகரம் போலவும் 'புட்' என்னும் சொல்லில் உகரமாகவும் ஒலிக்கிறது. இம்மாற்றங்கள் அனைத்தும் முதல் நூலிலேயே குழந்தையின் முன் வந்து நில்லாதபடி சொற்களைச் சலித்துத் தருவதே எழுத்துக்கூட்டு நூலின் அடிப்படை.

இங்கிலாந்து அரசு 2007-இல் வெளியிட்ட 'லெட்டர்ஸ் அண்ட் சவுண்ட்ஸ்' என்ற பயிற்சித் திட்டம் எஸ், ஏ, டி, பி என்ற நான்கு எழுத்துகளில் தொடங்கி, அடுத்து ஐ, என் முதலியவற்றைச் சேர்க்கிறது. அகரவரிசைக்கு மாறான இவ்வரிசையால், ஆறே எழுத்துகளைக் கற்ற நிலையிலேயே 'சேட்' (அமர்ந்தான்), 'டேப்' (குழாய்), 'பின்', 'டின்' எனப் பல சொற்கள் குழந்தைக்கு வசமாகின்றன. எஸ், எச் இரண்டும் இணைந்து 'ஷ்' என்ற ஒற்றை ஒலியைத் தரும் என்பது கற்பிக்கப்பட்ட பின்னரே 'ஷிப்', 'ஃபிஷ்' போன்ற சொற்கள் நூலுக்குள் இடம்பெறுகின்றன. எழுத்துக்கு அடங்காமல் ஒலிக்கும் 'வாஸ்' (இருந்தது), 'செட்' (சொன்னான்) போன்ற அன்றாடச் சொற்களை முற்றிலும் தவிர்த்து வாக்கியம் அமைப்பது அரிது என்பதால், அவற்றுள் சிலவற்றைத் தனியே அறிமுகப்படுத்திவிட்டுப் பின்னர் நூலில் சேர்ப்பர்.

எழுத்துக்கூட்டு நூலுக்கு நேர்மாறானது, பக்கந்தோறும் ஒரே வாக்கியம் திரும்ப வர, அதன் ஒரு சொல் மட்டும் மாறி, அச்சொல்லைப் படம் உணர்த்திவிடும் நூல்வகை. அத்தகைய நூலில் 'ஷிப்' என்று அச்சிட்டிருக்கும் இடத்தில் குழந்தை படத்தைப் பார்த்துப் 'போட்' என்று சொன்னால், பொருள் பெரிதும் பிறழாதபோதும் அங்கே வாசிப்பு நிகழவில்லை. சொல்லை முழு உருவமாக மனத்தில் பதியவைக்கும் பழைய முறையை 1955-இல் எழுத்தாளர் ருடால்ஃப் ஃபிளெஷ் அமெரிக்காவில் கடுமையாகச் சாடியது முதல் தொடர்ந்த விவாதத்தில், முறையான ஒலிவழிப் பயிற்சி பயனுடையது என்று அந்நாட்டின் தேசிய வாசிப்புக் குழு 2000-இல் அறிவித்தது. இங்கிலாந்தில் 2012 முதல் நடைபெறும் ஒலிவழித் தேர்வில், குழந்தை படிக்க வேண்டிய 40 சொற்களுள் 20 பொருளற்ற புனைசொற்களாக இருப்பதும், நினைவாலோ ஊகத்தாலோ அன்றி எழுத்தைக் கொண்டே படிக்கும் திறனை அளப்பதற்காகவே.

சொற்களைச் சலித்து எழுதுவதால் கதை மெலிவது இந்நூல்களின் குறை. ஆகவே, சொல்வளமும் கதைச்சுவையும் வேறு வழியில் வந்து சேரும்பொருட்டு, ஆசிரியரும் பெற்றோரும் நல்ல கதைகளை உரக்கப் படித்துக் காட்டுவது உடன்நிகழ வேண்டியதாகிறது. இந்நூல்களை எவ்வளவு காலம் பயன்படுத்துவது என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லையெனினும், அவற்றின் பயன் நிறைவேறியதை அறிய ஓர் அடையாளம் உண்டு: சலிக்கப்படாத சொற்களைக் கொண்ட பொதுவான கதைப்புத்தகத்தில் அறியாத சொல் எதிர்ப்படும்போது, குழந்தையின் கண் படத்தை நாடாமல் எழுத்தின் மீதே நிற்கும்.