எட்டாத வரிகள் எங்கே போகின்றன?

பைத்தானில் ஒரு செயற்கூறு எழுதுகிறீர்கள். 'ரிட்டர்ன்' வரிக்கு நேர் கீழே ஒரு 'பிரிண்ட்' வரியையும் சேர்க்கிறீர்கள். ரிட்டர்ன் வந்ததும் செயற்கூறு முடிந்துவிடும். பிரிண்டுக்கு ஒருபோதும் முறை வராது. இப்படிப்பட்டவற்றை எட்டாத வரிகள் எனலாம்.

பைத்தான் இன்டர்பிரெட்டர் நாம் எழுதியதை அப்படியே இயக்குவதில்லை. முதலில் அதைப் பைட்கோடு எனும் சிறு கட்டளைகளாக மாற்றிக்கொள்கிறது. எட்டாத வரிகளை அப்போதே விட்டுவிடுகிறது. பைத்தானுடன் வரும் 'டிஸ்' கருவியால் பைட்கோடைப் பாருங்கள். பிரிண்ட் அங்கே இருக்காது.

ஆனால், நீக்குவதற்கு முழு நிச்சயம் வேண்டும். பைத்தான் 2இல் 'ட்ரூ' என்பது சாதாரணப் பெயர்தான். 'ட்ரூ = 0' என்று எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும்! அதனால் 'வைல் ட்ரூ' சுழற்சியில் ஒவ்வொரு சுற்றிலும் அதன் மதிப்பைச் சோதிக்க வேண்டியிருந்தது. 2008இல் வெளிவந்த பைத்தான் 3இல் அந்தப் பெயரை மாற்ற முடியாது. சோதனையும் தேவையற்றுப் போனது.

இன்னொரு விந்தை: ரிட்டர்னுக்குக் கீழே 'யீல்ட்' என்று எழுதிப் பாருங்கள். அந்த வரி இயங்கவே இயங்காது. ஆயினும், அது அங்கே இருப்பதாலேயே பைத்தான் அந்தச் செயற்கூறை 'ஜெனரேட்டர்' வகையில் சேர்த்துவிடும். பயன்படாத வரிதானே என்று நாம் கையால் அழித்தால், நிரல் வேறு விதமாக நடக்கும். இன்டர்பிரெட்டரோ எல்லா வரிகளையும் படித்துப் பொருள் கொண்ட பிறகே நீக்குகிறது.

ஒரு வரி ஏன் எட்டாமல் போனது என்பதும் முக்கியம். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன்களுக்கு ஒரு பாதுகாப்புத் திருத்தம் வெளியிட்டது. இணைய இணைப்பைச் சரிபார்க்கும் சி மொழி நிரலில் 'கோடூ ஃபெயில்' என்ற வரி தவறுதலாக அடுத்தடுத்து இருமுறை இருந்தது. முதலாவது, பிழை இருந்தால் மட்டும் தாவும். இரண்டாவது எப்போதும் தாவிவிடும். கீழே இருந்த மின்கையொப்பச் சோதனை எட்டாத வரியாகிவிட்டது. அதுவரை பிழை எதுவும் பதிவாகாததால் முடிவு 'சரி' என்றே வந்தது. அதே வைஃபையில் இருக்கும் மோசடிக்காரர் வங்கித் தளம்போல் நடிக்கலாம்! எட்டாத வரிகளைப் பற்றி எச்சரிக்கும் வசதி கிளாங் கம்பைலரில் உண்டு. நாம் கேட்டால்தான் அது எச்சரிக்கும்.

ஜாவாவின் கண்டிப்புதான் எனக்குப் பிடிக்கும். ரிட்டர்னுக்குக் கீழே ஒரு வரி எழுதினால், அது பிழை என்று சொல்லி நிரலை மொழிமாற்றவே மறுத்துவிடும்.