கணிப்பொறியின் காய்ச்சல்

நெல்லியாம்பதி மலையின் அடிவாரத்திலே, பாலக்காட்டுக் கணவாயின் தென்கரையிலே அமைந்திருக்கிறது கொல்லங்கோடு. மேற்குத் தொடர்ச்சி மலை 30 கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி விட்டு நிற்கும் இடம் அது. மார்கழி, தை மாதங்களிலே கிழக்கேயுள்ள சமவெளியின் புழுதியை வாரிக்கொண்டு காற்று அவ்வழியே பாய்கிறது. பங்குனி, சித்திரையிலோ அனல் வீசுகிறது. 2016-ஆம் ஆண்டிலும் 2024-ஆம் ஆண்டிலும் ஏப்ரல் மாதத்தில் பாலக்காட்டில் உஷ்ணம் 41 டிகிரியைக் கடந்தது. கேரளம் என்றாலே மழையும் குளிர்ச்சியுந்தான் என்று எண்ணுவோர், கொல்லங்கோட்டில் சித்திரை மாதத்துப் பிற்பகல் ஒன்றைக் கழித்தால் போதும். தம் எண்ணத்தை மாற்றிக் கொள்வர்.

இந்த வெயிலில் மனிதர் நிழலை நாடுவர். எருமை குளத்தில் இறங்கும். கணிப்பொறி என்ன செய்யும்? அது தன் வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். அதன் மூளையாகிய செயலியின் உஷ்ணம் ஏறத்தாழ 95 முதல் 100 டிகிரியை எட்டியதும், தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு அது மெதுவாகவே வேலை செய்யத் தொடங்கும். அப்பாலும் சூடேறினால் அடியோடு நின்றுவிடும். திருமணப் படங்களைத் தொகுக்கும் புகைப்படக்காரரும், விண்ணப்பங்கள் நிரப்பித் தரும் கடைக்காரரும், பரீட்சைக்குப் படிக்கும் மாணவியும், "இயந்திரம் பழையதாகிவிட்டது, புதிது வாங்க வேண்டும்" என்று கவலைப்படுவது பெரும்பாலும் இந்த மாதங்களிலேதான். பல குடும்பங்களில் இருப்பதே ஒரு மடிக்கணினி. அதுவும் தவணையில் வாங்கியது. ஆகவே நோய் எது, மருந்து எது என்று அறிந்து கொள்ளுதல் வீண் ஆராய்ச்சி அன்று.

மடிக்கணினியின் செயலி கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. ஒன்றரைச் சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஒரு செயலி 45 வாட் வெப்பத்தை உமிழ்வதாகக் கொள்வோம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 30 வாட் ஆகிறது. நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியோ 1000 வாட் வாங்கினாலும், அதன் அடித்தகட்டின் பரப்பு சுமார் 200 சதுர சென்டிமீட்டர். ஆகவே சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட்தான். பரப்புக்குப் பரப்பு ஒப்பிட்டால், செயலி இஸ்திரிப் பெட்டியைப் போல் ஆறு மடங்கு வெப்பத்தை வெளியேற்ற வேண்டியிருக்கிறது! அதற்காகவே அதன் தலைமேல் ஹீட் சிங்க் எனப்படும் செம்பு அல்லது அலுமினியத் தகட்டடுக்கை வைத்து, பக்கத்தில் விசிறியையும் சுழல விடுகிறார்கள்.

செயலியின் முகமும் தகட்டின் முகமும் கண்ணுக்கு வழவழப்பாய்த் தோன்றினும், உருப்பெருக்கியின் கீழே மேடும் பள்ளமுமாகவே இருக்கும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் சிற்சில மேடுகள்தாம் தொடும். மற்ற இடமெல்லாம் காற்று. காற்றோ வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. செம்பின் வெப்பங்கடத்தும் எண் ஏறத்தாழ 400 என்றால், காற்றினுடையது 0.026. நாம் எடுத்துக்கொண்ட செயலிக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்கு கனமுள்ள காற்று மட்டுமே முழுவதும் நின்றுவிடுமானால், அந்த ஓர் இடுக்கிலேயே 100 டிகிரிக்கு மேல் உஷ்ணம் தேங்கிவிடும்.

இந்தப் பள்ளங்களை நிரப்பிக் காற்றை வெளியேற்றுவதற்காகவே தெர்மல் பேஸ்ட் என்னும் வெப்பப் பசை ஏற்பட்டது. இது புதுமைப் பொருள் அன்று. மைக் செட் ஆம்பிளிபயர்களைப் பழுதுபார்க்கும் கடையில், பெரிய டிரான்சிஸ்டரைத் தகட்டில் பொருத்துமுன் அபிரகத் துண்டின் இருபுறமும் வெள்ளைப் பசை தடவுவதை நேயர்கள் பார்த்திருக்கலாம். அதன் உறவினர்தான் இதுவும். சிலிக்கோன் எண்ணெயில் துத்தநாக ஆக்ஸைடு, அலுமினிய ஆக்ஸைடு முதலியவற்றின் நுண்பொடியைக் குழைத்துச் செய்வது. இதன் கடத்தும் எண் பொதுவாக 4 முதல் 10 வரை இருக்கும். செம்பை நோக்க அற்பம். காற்றை நோக்கவோ நூறு மடங்குக்கும் மேல்.

அண்மைக் காலத்தில் இந்தப் பசைக்குப் போட்டியாக வந்திருப்பது திரவ உலோகம். காலியம் என்னும் உலோகத்தோடு இண்டியத்தையும் வெள்ளீயத்தையும் கலந்தது இது. காலியத்தின் கதை சுவையானது. ருஷ்ய விஞ்ஞானி மெண்டலீவ், அப்படி ஓர் உலோகம் இருந்தே தீரவேண்டும் என்று 1871-இல் கணித்து, நம் சமஸ்கிருதத்திலிருந்து "ஏக" என்ற சொல்லை எடுத்து அதற்கு "ஏக அலுமினியம்" என்று பெயரிட்டார். நான்கே ஆண்டுகளில், 1875-இல், பிரெஞ்சு விஞ்ஞானி லெகோக் த புவாபோத்ரான் அதைக் கண்டுபிடித்தார். தனிக் காலியம் 29.76 டிகிரியில் உருகும். கொல்லங்கோட்டுக் கோடையில் மேசைமேல் வைத்தாலே நீராகிவிடும். இண்டியமும் வெள்ளீயமும் சேர்ந்தபின் குளிர்ந்த அறையிலும் அது திரவமாகவே இருக்கிறது. பாதரசம் போல் பளபளக்கும். ஆனால் பாதரசத்தின் நச்சாவி இதற்கு இல்லை.

உலோகத்தைக் குளிரூட்டியாகக் கொள்வது தமிழ் நாட்டுக்கும் புதிதன்று. கல்பாக்கத்தில் 1985 அக்டோபர் 18 முதல் இயங்கிவரும் வேக ஈனுலைச் சோதனை நிலையத்தில், அணு எரிபொருளின் வெப்பத்தைச் சுமந்து செல்வது உருகிய சோடியமே. ஆயினும் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதலாகாது. கல்பாக்கத்துச் சோடியம் குழாய்களில் ஓடி வெப்பத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்கிறது. கணிப்பொறியில் தடவும் காலியக் கலவை எங்கும் ஓடுவதில்லை, ஓடவும் கூடாது. பள்ளத்தை நிரப்பிக்கொண்டு அசையாமல் இருப்பதே அதன் வேலை. ஒன்றில் மட்டும் இரண்டும் ஒக்கும்: அடைத்து வைக்கும் பாத்திரம் ஒழுங்காயிராவிட்டால் துன்பந்தான். காற்றிலும் நீரிலும் சோடியம் தீப்பற்றுமாதலால், அங்கே அதன்மேல் ஆர்கான் வாயுவைப் போர்த்தி வைத்திருக்கிறார்கள்.

திரவ உலோகத்தால் ஆகும் பயன் எவ்வளவு? சில உற்பத்தியாளர் அதன் கடத்தும் எண் 70-க்கும் மேல் என்று விளம்பரம் செய்கிறார்கள். இவ்வகைக் கலவைகளில் பெயர் பெற்றதாகிய காலின்ஸ்டானுக்கு நூல்களில் காணும் எண் 16 அல்லது 17-தான். நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் செயலியின்மேல் 0.05 மில்லிமீட்டர் கனத்தில், எண் 5 உடைய சாதாரணப் பசையைத் தடவினால், அந்தப் படலத்தில் தேங்கும் உஷ்ணம் 3 டிகிரி. அதே கனத்தில் திரவ உலோகமாயின் சுமார் 1 டிகிரி. ஆதாயம் 2 டிகிரி! விளையாட்டுகளுக்கென்று செய்த, 120 வாட் உமிழும் செயலியானால் ஆதாயம் ஐந்தாறு டிகிரி ஆகலாம். செயலியின் ஒரு மூலையில் மட்டும் வெப்பம் குவியும்போது இன்னும் சற்று அதிகமாகலாம். "பதினைந்து டிகிரி குறைந்தது, இருபது டிகிரி குறைந்தது" என்று சொல்பவர்கள், பெரும்பாலும் நாலைந்து ஆண்டுகளாய் உலர்ந்து வெடித்த பசையைச் சுரண்டிவிட்டுப் புதிய உலோகத்தைத் தடவியவர்கள். அவர்கள் கண்ட நன்மையில் பெரும்பங்கு புதிய பசையாலேயே கிடைத்திருக்கும்.

இனி அபாயத்தைப் பார்ப்போம். ஏக அலுமினியம் என்று பெயர் பெற்ற இவ்வுலோகம் அலுமினியத்துக்கே பரம வைரி. அலுமினியத்தைக் காக்கும் மெல்லிய ஆக்ஸைடுப் படலத்தின் கீறல் வழியே காலியம் உள்ளே நுழைந்து, படிகங்களின் இடைவெளிதோறும் பரவிவிடும். உறுதியான தகடு கையால் முறியும் அளவுக்கு நொய்ந்து போகும். விமானங்களில் அலுமினியம் மிகுதியாதலால், காலியத்தை ஏற்றிச் செல்வதற்குக் கடுமையான கட்டுப்பாடுகள் உண்டு. செம்பு இவ்வாறு அழிவதில்லை. எனினும் நாளடைவில் காலியத்தைச் சிறிது உறிஞ்சிக் கறை படிகிறது. அப்பொழுது மீண்டும் தடவ வேண்டியதாகிறது. நிக்கல் முலாம் பூசிய செம்பே தக்கது. மற்றோர் அபாயம் மின்சாரம். சாதாரணப் பசை சற்றே வழிந்தால் அழுக்காகும், அவ்வளவுதான். திரவ உலோகம் ஒரு துளி உருண்டு பக்கத்து நுண்ணுறுப்புகளின்மேல் விழுந்தால் மின்குறுக்கு ஏற்பட்டு இயந்திரமே பாழாகும். பஸ்ஸிலும் ரயிலிலும் பையில் குலுங்கிச் செல்லும் மடிக்கணினிக்கு இந்த அச்சம் இன்னும் அதிகம்.

ஆலைகளில் இதைக் கையாளுகிறார்களே என்று கேட்கலாம். சோனி நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுப் பொறியில் திரவ உலோகமே இருக்கிறது. ஆனால் அதற்காக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயத்தம் செய்து, துளி வெளியேறாதபடி செயலியைச் சுற்றித் தடுப்பும் அமைத்த பிறகே அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டு மேசையில் ஊசிக்குழலும் பஞ்சுமாக உட்காரும் நமக்கு அந்தத் தடுப்பு ஏது?

அசையாத மேசைக் கணிப்பொறி, செம்புத் தகடு, மிகுந்த வாட் உள்ள செயலி, பழகிய கை, நஷ்டம் வந்தால் தாங்கும் வசதி ஆகிய ஐந்தும் உள்ளவர் திரவ உலோகத்தை முயன்று பார்க்கலாம். ஏனையோருக்குப் பசையே சாலும் என்பது என் துணிபு. பசை அடிக்கடி உலர்கிறதே என்போருக்கு, சுமார் 45 டிகிரியில் இளகி இடுக்கை நிரப்பும் மெல்லிய தகடுகளும் இப்போது கிடைக்கின்றன. அவை மின்சாரத்தைக் கடத்துவதுமில்லை, எளிதில் உலர்வதுமில்லை.

உண்மையில் கொல்லங்கோட்டுக் கணிப்பொறியின் காய்ச்சலுக்கு இடுக்கைவிடப் பெரிய காரணம் வெளியேதான் இருக்கிறது. செயலியின் உஷ்ணம் என்பது அறையின் உஷ்ணத்தோடு கூட்டிக்கொண்டே போவது. 28 டிகிரி அறையில் 85 காட்டும் செயலி, 38 டிகிரி அறையில் 95 காட்டும். எந்தப் பசையும் எந்த உலோகமும் அந்தப் பத்து டிகிரியைத் திரும்பத் தராது. கனமான வேலைகளை விடியற்காலையில் வைத்துக்கொள்வதும், மெத்தையின்மேல் வைத்து அடிக்காற்றை அடைக்காதிருப்பதும், பின்புறத்தைச் சற்றே உயர்த்தி வைப்பதும் செலவில்லாத வைத்தியம்.

எஞ்சியது புழுதி. கணவாய்க் காற்று கொண்டுவரும் மண்துகள் தகடுகளின் இடையே கம்பளம் போல் படிந்துவிட்டால், விசிறி எவ்வளவு சுழன்றும் பயனில்லை. ஆகவே தை மாதக் காற்று ஓய்ந்து, பங்குனி வெயில் தொடங்குமுன், மாசி மாதத்தில் ஒரு நாள் இயந்திரத்தைத் திறந்து பார்த்தல் நலம். தமக்குப் பழக்கமில்லாதவர் பழக்கமுள்ளவரிடம் கொடுக்கலாம். மின்னிணைப்பை நீக்கி, பாட்டரியைக் கழற்றி, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டவேண்டும். மூன்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தால் பழைய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்ந்த துணியால் துடைத்து, புதுப் பசையில் ஒரு பட்டாணி அளவு வைத்துத் தகட்டை நேராக அழுத்தித் திருகுகளைக் குறுக்கும் மறுக்குமாய்ச் சிறிது சிறிதாக முடுக்கவேண்டும்.